பீப்பாயில் ஊறாத கரும்புச் சாற்று ரம் இனிக்குமா?

மரப்பீப்பாயில் ஊற வைக்காமல், பச்சைக் கரும்புச் சாற்றிலிருந்தே வடித்த வெள்ளை ரம் கரும்புச் சாறு போல இனிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இனிக்காது. சர்க்கரையின் பெரும்பகுதியை நொதிக்கும்போதே ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிஞ்சுவதும் ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது. இது தெரியாமல் இனிப்பை எதிர்பார்த்து முதல் மடக்கைக் குடித்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

நான் மொரிஷியஸில், ரோஸ் ஹில்லில் வசிக்கிறேன். சென்ற அறுவடைக் காலத்தில், நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணனை ஷமரேலில் உள்ள வடிசாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர் கரும்பு பயிரிடுபவர். சாராயத்தில் பெரிய நாட்டம் இல்லாதவர். 50 விழுக்காடு ஆல்கஹால் உள்ள வெள்ளை ரம்மைச் சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுத்தபோது, குடிக்காமல் நெடுநேரம் மோந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, கரும்பு வெட்டுற கத்தியில ஒட்டியிருக்குமே, அந்த வாசனைய்யா இது" என்றார். நான் பல முறை குடித்தும் எனக்குக் கிடைக்காத சொல் அது. வெல்லம் காய்ச்சும் கொப்பரையின் மணம் இதில் துளியும் இல்லை. அந்த மணம், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து வடிக்கும் ரம்முக்கு உரியது. இதில் வருவது பச்சைத் தோகை, வாழைக்காய்த் தோல், எலுமிச்சைத் தோல், அவற்றுக்கு அடியில் உப்புநீரில் ஊறிய மாவடுவை நினைவூட்டும் ஒரு புளிப்பு நெடி. நாக்கில் பட்டவுடன் மிளகின் காரம் ஏறி, பிறகு வாய் வறண்டு, கரும்புச் சக்கையை மென்று துப்பிய பின் எஞ்சுவது போன்ற ஒரு சுவை நிற்கும்.

பீப்பாயில் ஊறிய ரம்மில் மரம் கொடுக்கும் வனிலாவும் நிறமும் இந்தக் கரடுமுரடுகளை மூடிவிடுகின்றன. ஊறாத ரம்மில் அவற்றை மூட எதுவும் இல்லை. ஆகவே சாறு புளித்துப்போவதற்குள் ஆலைக்கு வந்ததா, வடித்தவர் முதலிலும் கடைசியிலும் வருவதைக் கவனமாக ஒதுக்கினாரா என்பதெல்லாம் நேராக மூக்குக்குத் தெரிந்துவிடும். மொலாசஸைத் தொட்டியில் சேமித்து ஆண்டு முழுவதும் வடிக்கலாம்; சாற்றை அப்படிச் சேமிக்க முடியாது என்பதால் இங்கே ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரையிலான வெட்டுக் காலத்தில்தான் அந்த வேலை நடக்கும்.

1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டிய இந்தத் தீவில், சாற்றிலிருந்து நேரடியாக ரம் வடிக்க 2006 வரை சட்டம் இடம் தரவில்லை. சாறு சர்க்கரைக்கு, மிச்சப் பாகு ரம்முக்கு என்பதே ஏற்பாடு. ஷமரேல் வடிசாலை திறந்ததும் 2008-இல்தான்.

குடிப்பதானால் பனிக்கட்டி வேண்டாம். குளிர்ந்தால் மணம் ஒடுங்கிவிடும். வாயைச் சற்றே திறந்து வைத்து மோந்துவிட்டு, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். கோலாவில் கலப்பது, என்னைக் கேட்டால், வீண்செலவு. எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும் பொருந்தும். ஐரோப்பாவில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவும்: கரும்புச் சாற்று ரம்மைக் குறிக்கும் 'அக்ரிகோல்' என்ற சொல்லை அங்கே பிரான்சின் கடல்கடந்த பகுதிகளும் போர்ச்சுகலின் மதேராத் தீவும் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். பக்கத்துத் தீவான ரெயூனியனுக்கு அந்த உரிமை உண்டு, எங்களுக்கு இல்லை. ஆகவே மொரிஷியஸ் புட்டியில் அச்சொல்லைத் தேடாமல், கரும்புச் சாற்றில் வடித்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.