12,000 ரூபாய் நாய்க்கு 45,000 ரூபாய் ஆபரேஷனா?

கேள்வி: நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒரு தனியார் ஆலையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 14,500. வங்கிச் சேமிப்பில் 60,000 இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 3,000 வீதம் 26 மாதமாக ஆர்.டி. கட்டி வருகிறோம். மகளுக்காக 12,000 ரூபாய்க்கு வாங்கிய மினியேச்சர் பின்ஷர் பெண் குட்டிக்கு இப்போது ஒன்பது மாதம். இரண்டு மாதமாக இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் தாவுகிறது. புதுச்சேரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், 'லெக்-கால்வே-பெர்தஸ்' என்னும் இடுப்பு மூட்டு நோய், பரம்பரையாக வருவது, ஆபரேஷன்தான் வழி என்கிறார். 45,000 ஆகுமாம். வலி மாத்திரையும் டாக்டர் கட்டணமுமாக இப்போதே மாதம் 1,800 போகிறது. வாங்கிய விலையைப் போல நான்கு மடங்கு செலவு செய்வார்களா என்று கேட்கிறார் கொழுந்தனார். ஆபரேஷன் செய்து, பிறகு ஒருமுறை குட்டி போட வைத்து விற்றால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார் மாமியார். மகளின் சங்கிலியை அடகு வைக்கலாமா, கிரெடிட் கார்டில் கட்டலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஆபரேஷனைச் செய்துவிடுங்கள். சங்கிலியைத் தொட வேண்டாம், கார்டும் வேண்டாம்.

உங்கள் கொழுந்தனார் நாயை வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடுகிறார். அந்த 12,000 செலவாகி முடிந்துவிட்டது. இனி எந்த முடிவுக்கும் அது அளவுகோல் ஆகாது. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன செலவாகும் என்று பாருங்கள். மாதம் 1,800 என்றால் 25 மாதத்தில் 45,000. மினியேச்சர் பின்ஷர் நன்றாக இருந்தால் 12 ஆண்டுக்கு மேலும் வாழும். மாத்திரை வலியைத்தான் குறைக்கும், மூட்டைச் சரிசெய்யாது. நீண்ட நாள் கொடுத்தால் ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டியிருக்கும். மாத்திரையையும் நிறுத்திவிட்டுச் சும்மா விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி விட்டால் செலவு நின்றுபோகும், அந்தச் சிறு உயிரின் வலி நிற்காது.

இந்த நோயில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு செத்து நொறுங்குகிறது. சிறிய ரக நாய்களுக்கு, பெரும்பாலும் ஒரு வயது ஆவதற்குள் வருவது. வழக்கமாகச் செய்யும் ஆபரேஷனில் கெட்டுப்போன அந்தத் தலையை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நார் போன்ற திசு வளர்ந்து மூட்டைப் போலவே வேலை செய்யும். நான்கைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு அது தாராளமாகப் போதும். செயற்கை மூட்டு எதுவும் வைப்பதில்லை என்பதால் பின்னாளில் அதை மாற்றும் செலவு கிடையாது. செயற்கை மூட்டு பொருத்தும் ஆபரேஷனும் உண்டு. அதன் செலவு பல மடங்கு, உங்களுக்கு அது தேவைப்படாது.

பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வலது இடுப்பையும் எக்ஸ்ரேயில் பார்த்தாரா என்பது ஒன்று. பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். சில நாய்களுக்கு இரண்டிலும் வருவதுண்டு. அப்படியானால் உங்கள் பட்ஜெட்டே வேறு. முழங்கால் சில்லு நழுவுகிறதா என்பது மற்றொன்று. சிறிய நாய்களிடம் அதுவும் சகஜம், அதற்கான சிகிச்சை தனி. பிறகு மயக்க மருந்து, தங்கல், தையல் பிரிப்பது, மறுபார்வை எல்லாம் அந்த 45,000-க்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 22 கிலோமீட்டர்தான். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு அங்கேயும் ஒருமுறை காட்டிக் கட்டணம் விசாரியுங்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உண்டு. ஆனால் விசாரித்துக்கொண்டே மாதங்களை ஓட்டிவிடாதீர்கள். ஊன்றாத காலில் நாளுக்கு நாள் தசை வற்றும், வற்றிய தசையை மீட்பதற்கும் பணம்தான் வேண்டும்.

இதை என் வீட்டில் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் பொமரேனியனுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. வலிக்குமே என்று மூன்று வாரம் மடியிலேயே வைத்திருந்தோம். கால் விறைத்துப்போனது. அதன் பிறகு பிசியோதெரபிக்கு இரண்டு மாதம் அலைந்தோம். ஒருநாள் வாசல் சிமெண்ட் தரையில் அது நகத்தின் நுனியை மட்டும் வைத்துப் பார்த்தது, உடனே எடுத்துக்கொண்டது, மறுபடி வைத்தது. அன்றைக்கு என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த ஆபரேஷனில் கத்தி வேலை பாதிதான். டாக்டர் சொல்லும் நாளிலிருந்து காலை மெல்ல மடக்கி நீட்டிவிடுவதும், கயிறு பிடித்து மெதுவாக நடக்க வைப்பதும்தான் மீதிப் பாதி. அதற்காகத் தனியாக 10,000 ஒதுக்கி, மொத்தம் 55,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பிலிருந்து 30,000 எடுங்கள். மீதி 30,000 அப்படியே இருக்கட்டும். வீட்டுக் கடன் உள்ள குடும்பம் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. குறையும் 25,000-க்கு உங்கள் ஆர்.டி. இருக்கிறது. மூன்று ஆண்டு முடியாமல் அதை மூட முடியாது, மூடவும் வேண்டாம். ஆனால் 12 தவணை கட்டி ஓர் ஆண்டு ஆகிவிட்டால், கணக்கில் உள்ள தொகையில் பாதி வரை அஞ்சலகமே கடன் தரும். நீங்கள் கட்டியது 78,000, பாதி 39,000. வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். உங்கள் கணக்கு 6.7 சதவீதத்தில் இருந்தால் 8.7. அதே 25,000-ஐக் கார்டில் நிலுவையாக விட்டால், பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் வரை வட்டி. முதல் மாதமே 875 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ஆர்.டி. கடனுக்கு அந்த மாத வட்டி 200 ரூபாயைத் தொடாது. மாதம் சுமார் 2,200 வீதம் ஓர் ஆண்டில் அடைத்துவிடலாம். கால் தேறிய பிறகு பெரும்பாலான நாய்களுக்குத் தொடர் மாத்திரை தேவைப்படுவதில்லை. அந்த 1,800 கடனுக்குப் போகும். புதிதாக நீங்கள் தேட வேண்டியது மாதம் 400 ரூபாய்தான்.

காப்பீடு இப்போது எடுத்தால் உதவாது. முன்பே கண்டறியப்பட்ட நோயையும், பெரும்பாலும் பரம்பரை நோயையும் நாய்க்கான பாலிசிகள் விலக்கிவிடும். வருமான வரியில் மருத்துவச் செலவுக் கழிவும் மனிதர்களுக்கு மட்டும்தான்.

மாமியார் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். குடும்பத்துக்குச் சுமை கூடக் கூடாது என்ற அக்கறையில்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் இது பரம்பரையாகத் தொடரும் நோய். வெளியே நலமாகத் தெரியும் குட்டியும் அதைச் சுமந்திருக்கலாம். ஒன்பதாவது மாதத்தில் உங்கள் மகள் அழுத அழுகையை 10,000, 12,000 விலைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு விற்பதாகிவிடும். அந்த வருமானம் உங்கள் கணக்கில் வரவே வேண்டாம். அதே மயக்கத்தில் கருத்தடையும் செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள், அப்போது இன்னொரு மயக்க மருந்துச் செலவு மிச்சமாகும். விற்றவரிடமும் எக்ஸ்ரே நகலைக் கொடுத்துச் சொல்லுங்கள். அதே தாய் தந்தையை மறுபடி சேர்க்காமல் இருக்கட்டும். நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அவர் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள்.

உங்கள் தையல் மெஷின் பக்கத்தில் தொங்கும் அளவு நாடாவை இன்றைக்கே எடுத்து, நாயின் இரண்டு தொடைகளையும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்து தேதியோடு குறித்துவையுங்கள். இடது தொடை இப்போது மெலிந்துதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து டாக்டர் அனுமதித்ததும், சில்வர் பீச்சின் ஈர மணலில் மகளோடு காலையில் பத்து நிமிடம் நடக்கட்டும். மூன்றாவது மாத முடிவில் மறுபடி அளந்து, இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.