மோஹர் பாறைகளைப் பார்க்க ஒரு நாள் போதுமா?

கேள்வி: டப்ளினில் வசிக்கிறோம். மே மாதம் அப்பா, அம்மா வருகிறார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் கவுண்டியில் கடலோரம் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகளுக்குக் காரில் ஒரே நாளில் போய் வந்துவிடலாமா? அப்பாவுக்கு முட்டிவலி உண்டு.

பதில்: போய் வரலாம், ஆனால் வேண்டாம் என்பேன். ஒரு வழிக்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால், சுற்றுலாப் பேருந்துகள் குவியும் உச்சிப்பொழுதில் போய் நிற்பீர்கள். போதாததற்கு அந்தப் பாறைகள் மேற்கு பார்த்தவை. காலையில் முகம் நிழலில் கிடக்கும். மாலை வெயில் விழுந்தால்தான் அடுக்கடுக்கான வரிகள் தெரியும். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டும். ஆக, ஓர் இரவு தங்குங்கள்.

முதல் நாள் கால்வே பக்கமாக வந்து, பாலிவான் ஊரைத் தாண்டி பரன் பகுதிக்குப் போங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்தான். முதலில் பார்ப்பவருக்கு 'இதற்கா வந்தோம்' என்று தோன்றும். குனிந்து பாருங்கள்: மழைநீர் கரைத்த வெடிப்புகளுக்குள் பெரணி முளைத்திருக்கும், பக்கத்துப் புல்லில் விரல்நக அளவில் அடர்நீல ஜென்ஷியன் பூ. ஆல்ப்ஸ் மலையில் பூக்கும் பூ இங்கே கடல்மட்டத்துக்குக் கிட்டத்திலேயே பூக்கிறது. இதில் மாடுகளுக்கும் பங்குண்டு. மற்ற ஊர்களில் கோடையில் மலையேற்றுவார்கள்; இங்கே குளிர்காலத்தில் ஏற்றுகிறார்கள். காரணம், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கல், தண்ணீர் தேங்காத தரை. மாடுகள் புல்லை மேய்ந்து தீர்ப்பதால் வசந்தத்தில் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது.

பூல்னப்ரோன் கல்திட்டையும் (பெரிய கற்களால் எழுப்பிய பழங்காலக் கல்லறை) இங்கேதான். 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது; 1986இல் தொடங்கிய அகழாய்வில் 30 பேருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், அப்பா மெதுவாக நடந்துவிடுவார்.

மாலை 5 மணிக்கு மேல் மோஹர். காலையில் மிதித்த சுண்ணாம்புக்கல்லின் மேல், பழங்கால ஆற்றுக் கழிமுகம் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் இறுகியவைதான் இந்த அடுக்குகள். பரன் கீழ்வீடு என்றால் மோஹர் மாடி. அதிகபட்ச உயரம் 214 மீட்டர். 1835இல் கட்டிய ஓ'பிரையன் கோபுரம் வரை அப்பா ஏறத் தேவையில்லை, பார்வையாளர் மையத்துக்கு அருகிலுள்ள பார்வைமேடைகளே போதும். பஃபின் பறவைகளும் அப்போது இருக்கும். பைனாகுலர் எடுத்துப் போங்கள். டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். விளிம்பையொட்டிய நடைபாதையில் சில பகுதிகளை 2024இல் பாதுகாப்புக்காக மூடினார்கள். தடுப்பு இருந்தால் தாண்டாதீர்கள்.

இரவு டூலினிலோ லஹிஞ்சிலோ தங்கலாம். டூலினிலிருந்து அரன் தீவுகளுக்குப் படகு உண்டு, ஆனால் அலை ஆட்டத்தில் ஏறி இறங்குவது முட்டிவலிக்கு ஆகாது. மறுநாள் தென்மேற்கு முனையில் உள்ள லூப் ஹெட் கலங்கரை விளக்கத்துக்குக் காரிலேயே போங்கள். இரண்டாம் உலகப் போரில், இது நடுநிலை நாடு என்று விமானிகளுக்குக் காட்டக் கற்களால் எழுதிய 'எய்ர' (ஐரிஷ் மொழியில் அயர்லாந்து) என்ற பெயர் இன்னும் தரையில் இருக்கிறது.

அப்புறம், குடை வேண்டாம். அந்தக் காற்றில் நிமிடத்தில் திரும்பிக்கொள்ளும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.