வரவேற்புக் குழு அமைத்தால் ஒடுக்கப்பட்டோர் சபையில் நிலைத்திருப்பார்களா?

"புதிதாக வருபவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் எங்கள் ஆலயத்திற்குச் சில வாரங்கள் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், வரவேற்புக் குழு அமைத்தால் போதுமா?" என்பது கேள்வி. போதாது என்பதே என் பதில். அதற்குக் காரணத்தை வடக்கன்குளத்திலிருந்து தொடங்குகிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தின் அந்த ஊரில்தான் 1745ஆம் ஆண்டு நீலகண்ட பிள்ளை என்னும் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகியதும் அவர்மீதான வெறுப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் கொல்லப்பட்டார். ஆனால் அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயமோ, வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பாராமல் வழிபடும்படி, பீடத்தில் மட்டும் சந்திக்கும் இரண்டு தனித்தனிக் கூடங்களாக, ஊரார் வாயில் கால்சட்டைக் கோயில் என்று பெயர் வாங்கும் வடிவத்தில் கட்டப்பட்டது. இரு பக்கத்தாரும் கிறிஸ்தவர்களே. இரு பக்கத்தாருக்கும் நற்கருணை கிடைத்தது. யாரும் வாசலில் தடுக்கப்படவில்லை என்பதால், அந்த ஆலயம் எல்லோரையும் வரவேற்றது என்றுகூட ஒருவர் வாதிடலாம்.

அந்த இரண்டு கூடங்களையும் பிரித்து நின்ற சுவர் எப்படிப் போனது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மக்கள் மனம் மாறி இடிக்கவில்லை. பங்குத்தந்தையாக இருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார், 1910ஆம் ஆண்டையொட்டி, தம் அதிகாரத்தைக் கொண்டு அதை அகற்றினார். தனி இடம் தங்கள் உரிமை என்று வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றும் வெற்றி பெறவில்லை. மனம் மாறட்டும், பிறகு சுவரை எடுக்கலாம் என்று காத்திருந்தால் அது இன்னும் எத்தனை காலம் நின்றிருக்குமோ! (தேவசகாயத்துக்கு 2022இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் விடப்பட்டது, அதற்கும் சிலர் வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது.)

இன்றைய சுவர்கள் செங்கல்லால் ஆனவையல்ல. நான் இருப்பது ஒரு பின்னலாடை நகரம். ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த கிறிஸ்தவர்கள் எங்கள் ஆலயத்திற்கு ஞாயிறுதோறும் வருவார்கள். வாசலில் கைகுலுக்குவோம், ஆராதனை முடிந்ததும் தேநீர் கொடுப்போம். இதைப் பெருமையாகப் பேசியவர்களுள் நானும் ஒருவன். அவர்களுள் ஓர் இளைஞர் காய்ச்சலில் இறந்தபோது, இரண்டு ஆண்டுச் சந்தா செலுத்திய குடும்பங்களுக்கு மட்டுமே கல்லறையில் இடம் என்னும் விதியைக் கமிட்டி எடுத்துக் காட்டியது. ஆயர் வற்புறுத்தியதால் மறுநாள் மாலை ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. அடுத்த ஞாயிறு கடைசி இரண்டு பெஞ்சுகளும் காலியாக இருந்தன. அந்த விதியைப் பொதுக்கூட்டத்தில் பல ஆண்டுகளாகக் கைதூக்கி ஆதரித்தவர்களுள் நானும் உண்டு என்பதை மறைத்து இந்தப் பதிலை எழுத முடியாது.

ஆகவே குழு அமைப்பதற்கு முன், உங்கள் சபையின் விதிகளை எடுத்து வாசியுங்கள்: வாக்குரிமை யாருக்கு, சந்தா கட்ட இயலாதவர் நிலை என்ன, திருவிருந்தில் யார் கடைசியாக எழுகிறார்கள், வேதபாடம் வாசிக்க யாரை இதுவரை அழைத்ததே இல்லை என்று பாருங்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குப் பாதபடியும் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு, புதிய ஏற்பாட்டிலுள்ள தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பேசுவதும் இருக்கையைப் பற்றித்தான்.

எங்கள் சபையில் கல்லறை விதி சென்ற ஆண்டு திருத்தப்பட்டது. ஆறு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஜார்கண்ட் நண்பர்களில் நான்கு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வாடகை அறை ஒன்றில் தாங்களாகவே கூடி வழிபடுகிறார்கள்.