சைக்கிள் செயின் செட்டை மாற்றும் முன் டேப்பை எடுங்கள்

முக்கூடலிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகனுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மிதித்தால் செயினில் கரகரவென்று சத்தம். வாரம் தவறாமல் தேங்காயெண்ணெய் விடுகிறேன். கடையில் செயின், பல்சக்கரம், பிரீவீல் மூன்றையும் செட்டாக மாற்றணும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?"

பணத்தை எடுக்காதீர்கள் அம்மா, முதலில் இரும்பு டேப்பை எடுங்கள். செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை இஞ்ச். டேப்பின் 1 இஞ்ச் கோட்டை ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். 13-இல் இன்னொரு ஆணியின் நடு சரியாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது. 3 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால்தான் மாற்ற வேண்டும். பல் நுனிகளும் கொக்கிபோல் வளைந்திருந்தால் கடைக்காரர் சொல்வது நியாயம்.

செயின் தொங்குவதைக் காட்டி "செயின் போச்சு" என்பது பழைய வித்தை. பின்சக்கர நட்டுகளை இளக்கி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கினால் தீர்ந்தது. செயினை நடுவில் விரலால் தூக்கினால் அரை இஞ்ச் ஆட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நட்டு இறுக்குவதில் என்ன கிடைக்கும்? செட்டில்தானே காசு! இதில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வரும் பிள்ளைகள். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறார்கள். எண்ணெயை எங்கே விடுவது என்று சொல்லித்தர ஒரு பீரியட் ஒதுக்க இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

உங்கள் சத்தத்துக்கு வருவோம். சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். அதை முதலில் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைப்பதே அரிதாகிவிட்டது, கொஞ்சம் டீசல் போதும். பெட்ரோல் கூடவே கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் நீர்த்துப் போய்விடும்.

பிறகு புது எஞ்சின் ஆயில். ஒர்க்‌ஷாப்பில் சும்மா தரும் கறுப்பு வேஸ்ட் ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே, கீழ்வரிசைச் செயினில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. தேய்மானம் உருளைக்குள், ஆணியைச் சுற்றித்தான் நடக்கிறது. வெளித்தகட்டில் ஊற்றுவது வீண். இருபது சுற்று சுற்றிவிட்டு, வெளியே இருப்பதை அழுத்தித் துடையுங்கள்.

கடலோரமான திசையன்விளை, உவரிப் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தேரி என்கிற மணல்மேட்டுச் செம்மண் எண்ணெயில் ஒட்டினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி செயினை அரைத்துவிடும். அதற்குப் பயந்து எண்ணெயே விடாமல் இருந்தால் கடல்காற்றின் உப்பு துருப்பிடிக்க வைக்கும். ஆகவே எண்ணெய் விடுங்கள், ஆனால் செயினைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். ஆடிக்காற்று வீசும் நாட்களில் காய்ந்த துணியால் தினமும் ஒரு துடைப்பு, வாரம் ஒருமுறை கழுவி எண்ணெய்.

முக்கூடலில் அவ்வளவு வேண்டாம். மாதம் ஒருமுறை போதும், மழையில் நனைந்தால் மறுநாளே. செயினைக் கழற்றி மாட்டும்போது மட்டும், அதன் இரு முனைகளையும் இணைக்கும் லாக் கிளிப்பைக் கவனியுங்கள்: மேல்வரிசையில் கிளிப்பின் மூடிய முனை சைக்கிள் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வழியில் கழன்று விழும்.