மாட்டுக்கும் நமக்கும் பச்சிலை: கேள்வி பதில்

கல்லல் பக்கமிருந்து: அண்ணே, பசு கன்று போட்டுச் சில நாள்தான் ஆகிறது. ஒரு காம்பு வீங்கி, பால் திரிதிரியாக வருகிறது. கற்றாழை போடலாமா?

போடலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையை முள் சீவித் துண்டாக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடி முழுவதும் தடவுங்கள். நாளைக்கு எட்டு, பத்துத் தடவை, ஐந்து நாள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று பூசிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்கள்தான் அதிகம். வலிக்குமே என்று கறக்காமல் விடுவது இன்னும் மோசம். அந்தப் பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாதீர்கள், அடுத்த மாட்டுக்கும் ஒட்டும். மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலாக நின்றால் கற்றாழையோடு உட்கார்ந்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கானாடுகாத்தான்: கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைத் தின்று மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. எண்ணெய் ஊற்றலாமா ஐயா?

நம் ஊர் விருந்துக்கு மறுநாள் இது வழக்கமான கதை. சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். இதற்குப் பச்சிலை தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். இடப்பக்க விலா மேளம்போல விறைத்திருந்தால் உடனே டாக்டர்தான். அதுவரை முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெய் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி, நுரையீரல் கெட்டு மாடு செத்துப்போகும்.

திருமயம்: பாம்புக்கடிக்குச் சிறியாநங்கை, ஆடுதின்னாப்பாளை இரண்டில் எது நல்லது?

இரண்டும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. ஆடுதின்னாப்பாளையை வேறு எதற்கும்கூட உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவழைக்கும். பாட்டி காலத்தில் தின்றார்களே என்பீர்கள். அந்தக் கெடுதல் வெளியே தெரிய வருடக்கணக்காகும், அப்போது யார் இதோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள்?

தேவகோட்டை: கோழிக்கு வெள்ளைக்கழிச்சல். குப்பைமேனி கொடுக்கலாமா?

அது வைரஸ். வந்தபின் எந்த மருந்தும் பெரிதாகக் கேட்காது. நோயுள்ளதைப் பிரித்து வையுங்கள். அடுத்த ஈட்டுக் குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே சொட்டு மருந்து போட்டுவிடுங்கள்.

புதுவயல்: அண்ணே, பிரண்டைத் துவையல் தின்றால் தொண்டை அரிக்கிறதே?

முற்றலைப் பறித்திருப்பீர்கள். கொழுந்தாகக் கிள்ளி, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவையும் நாரையும் எடுங்கள். எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளியைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.