பெட்ரோல் வருவதற்கு முன்பு அரபு நாடுகளில் விவசாயம் எப்படி நடந்தது?

மழையே பெய்யாத பாலைவனத்தில் விவசாயம் எங்கே நடந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓமனில் வேலை பார்த்தவன் என்பதால் அந்த ஒரு நாட்டை வைத்தே சொல்கிறேன்.

ஓமனில் வருடம் முழுக்க ஓடும் பெரிய ஆறு கிடையாது. இருந்தும் ஹஜர் மலையடிவாரம் நெடுக ஊருக்கு ஊர் பேரீச்சந்தோப்பு நிற்கிறது. காரணம் ஃபலஜ் என்ற வாய்க்கால். சுமார் 3,000 ஃபலஜ்கள் இன்னமும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஐந்தை 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சில ஃபலஜ்களுக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் வருகிறது, சிலவற்றுக்கு மலையோடையிலிருந்து. அசர வைப்பது தாவூதி என்ற வகைதான். மலையடியில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடத்தில் தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து ஊர் வரை பூமிக்கடியில் சுரங்கம் வெட்டிக்கொண்டே வருவார்கள். மண்ணை வெளியே எடுக்கவும் காற்று போகவும் இடையிடையே குழிகள். சுரங்கத்தின் வாட்டம், அதாவது சரிவு, அதிகமானால் நீர் அதை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். மோட்டாரும் ஏற்றமும் இல்லாமல் தண்ணீர் தானாக ஊருக்குள் வந்து சேரும்.

ஆனால், வெட்டியதைவிடப் பங்கு போட்டதுதான் பெரிய சாதனை என்பேன். வாய்க்கால் வெளியே தலைகாட்டும் இடத்தில் முதலில் குடிதண்ணீர். அதற்குக் கீழே தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்யவும் குளிக்கவும். அப்புறம்தான் தோப்பு. பேரீச்சைக்குப் போக மிஞ்சினால் கடைமடையில் பருவப் பயிர். வறண்ட வருடத்தில் அந்த நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடுவார்கள்.

தோப்புக்காரர்களுக்குத் தண்ணீரை நேரத்தால் அளந்தார்கள். ஒரு 'அதர்' என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். பகலில் தரையில் நட்ட குச்சியின் நிழலையும், இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து முறை மாற்றினார்கள். இப்போது கைக்கடிகாரம் வந்துவிட்டது. முறை முடிந்ததும் கல்லையும் பழந்துணியையும் வைத்து ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார்கள். இந்தப் பங்கை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பள்ளிவாசலுக்கு வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, விட்ட பங்குகளும் உண்டு. ஃபலஜுக்கே சொந்தமான பங்கை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் தூர் வாருவார்கள். கணக்கு வழக்கெல்லாம் வக்கீல் என்ற நிர்வாகியின் பொறுப்பு.

நேரத்தால் அளப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, பாருங்கள். நீர்வரத்து பாதியானால் எல்லாருடைய பங்கும் பாதியாகிறது. பணக்காரனுக்கு முழுசும் ஏழைக்குக் குறைச்சலும் என்ற பேச்சே எழாது. இத்தனை நூற்றாண்டுகள் இது நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இது ஓமனோடு நிற்கவில்லை. ஈரானில் கனாத், அல்ஜீரியாவில் ஃபொக்காரா, மொராக்கோவில் கெத்தாரா என்று இதே சுரங்க முறை பரவியிருக்கிறது. நம் பக்கத்திலேயே கர்நாடகத்தின் பீதரில் பாமினி சுல்தான்கள் காலத்துச் சுரங்கக் கால்வாயைப் பார்க்கலாம்.

பெட்ரோல் பணத்தோடு பம்புசெட்டும் வந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் நீர்மட்டத்தை இறக்கியதில் பல ஃபலஜ்கள் வற்றிவிட்டன.

மஸ்கட்டில் இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை பிர்கத் அல் மவ்ஸ் போய் வாருங்கள். காரில் ஒன்றரை மணி நேரம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஃபலஜ் அல் கத்மைன் அங்கேதான் ஓடுகிறது. கால் நனைப்பதென்றால் குடிநீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே போய் நனையுங்கள்.