தோட்ட வேலைக்கு எந்தக் கைக்கருவிகள் நல்லவை, தண்ணீர் விட எதை வாங்கலாம்?

என்னைக் கேட்டால் முதலில் பூவாளி, அப்புறம்தான் மண்வெட்டி. நான் இருப்பது திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். வளவு முழுக்கக் கடற்கரை மணல், வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று பிடித்துக்கொண்டால் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானத்தில் இருந்த இடம் தெரியாது. மாரியில் மழை பார்த்துக்கொள்ளும். கோடையில் கத்தரியும் மிளகாயும் தப்புவது நாம் தண்ணீர் விடுகிற விதத்தில்தான்.

பூவாளி வாங்கும்போது எல்லோரும் வாளியைத்தான் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது அதன் தலையை. துளைகள் சின்னதாக, நெருக்கமாக இருக்க வேண்டும், தலை கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும். துளைகள் வானத்தைப் பார்க்கிற மாதிரித் தலையைத் திருப்பி மாட்டினால் தண்ணீர் மேலே எழுந்து தூறலாக விழும், கீரை விதை போட்ட பாத்தியில்கூட மணல் குழி விழாது. சரிக்கத் தொடங்கியதும் முதலில் சொட்டுகிற பெரிய துளிகளைப் பாத்திக்கு வெளியே விட்டுவிட்டு, தூறல் சீரான பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். துளை அடைத்தால் கம்பி போட வேண்டாம், துளை பெருத்துவிடும். தென்னை ஈர்க்கு போதும்.

10 லீற்றர் தண்ணீரை ஒரு சதுர மீற்றர் பாத்தியில் விட்டால் 10 மில்லிமீற்றர் மழை பெய்த கணக்கு. மணலில் அதை ஒரே தடவையில் ஊற்றினால் வேரைத் தாண்டி இறங்கிவிடும், அதனால் காலை பாதி பின்னேரம் பாதி. பெரிய பூவாளி ஒன்றை ஒரு பக்கம் சாய்ந்து தூக்குவதைவிட 5 லீற்றரில் இரண்டு வாங்கி, கைக்கு ஒன்றாகப் பிடியுங்கள்.

ஹோஸ் மரங்களுக்குச் சரி. ஆனால் வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது சுடுதண்ணீர், அது ஓடி முடிந்து கையில் குளிர்ந்து பட்ட பிறகுதான் செடிக்குத் திருப்ப வேண்டும். ஒரு வருடம் இதைக் கவனிக்காமல் ஒரு வரிசை மிளகாய் நாற்றை வாட்டிவிட்டேன், இப்போதும் அந்த வரிசையை நினைத்தால் மனம் கேட்பதில்லை.

சொட்டுநீர்க் குழாய் போடுவதென்றால் வடிகட்டி இல்லாமல் போடாதீர்கள், கிணற்று மணல் சொட்டுத் துளைகளை அடைத்துவிடும். இரண்டு மூன்று செடிதான் என்றால், பூச்சுப் பூசாத மண் முட்டி ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடி வையுங்கள். சுவரால் கசிகிற தண்ணீரை வேர் தேடிவந்து எடுத்துக்கொள்ளும். சுற்றிவர பொச்சுமட்டையைக் கவிழ்த்துப் பரப்பினால் இன்னும் நல்லது.

மண்வெட்டிக்கு வருகிறேன். தகட்டைத் தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். பிடியை உங்கள் உயரத்துக்குப் போடுவியுங்கள், அடுத்தவரின் மண்வெட்டியால் ஒரு நாள் கொத்தினாலே முதுகு சொல்லிவிடும். பிடி ஆடினால் சிலர் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், காய்ந்ததும் திரும்ப ஆடும். ஆப்பு அடிப்பதுதான் சரி.

இங்கே உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு இழுவை இழுத்து உள்ளே வைத்துவிடுவேன். கிணற்றுக்கட்டில் சாத்திவிட்டுப் போன மண்வெட்டி இரண்டாம் நாளே செம்மஞ்சளாகிவிடும்.